பின்னுக்கே ஓடிய வண்டில்

கல்முனையில் எங்கள் வளவுக்குள் நெல் மூட்டை இழுக்க, பழைய மின் சக்கர நாற்காலியில் கழற்றிய இரண்டு மோட்டரைப் பூட்டி ஒரு வண்டில் செய்தேன். மோட்டர் ஓட்டும் சின்னப் போர்டான எல்298 மொடியூல் ஒரு மோட்டருக்கு 2 அம்பியர்தான் தரும், இதற்குக் காணாது. அதனால் 25 அம்பியர் சேபர்டூத் ட்ரைவர் எடுப்பித்தேன். பற்றரி, வயரிங் எல்லாம் ஒரு பின்னேர வேலை. புரோகிராம் ஏற்றி ஓட்டும் சின்னப் போர்டான ஆர்டுயினோ ஊனோவை அதோடு சீரியலில், அதாவது ஒரே வயரில் எண்களை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பிப் பேச வைக்கத்தான் இரண்டு கிழமை போனது.

முதலில் ஒரு அசைவும் இல்லை. ஊனோ போர்ட் எரிந்துவிட்டது என்று நானே தீர்ப்பெழுதி, பஸ் ஏறி மட்டக்களப்புக்குப் போனேன். கடைத் தம்பி பழையதைச் சோதித்துக்கூடப் பார்க்கவில்லை. "புதுசு போடுங்க அண்ணன், சரிவரும்" என்றான். புதுசும் ஊமை. கடைசியில் பார்த்தால், சிக்னல் வயரை ட்ரைவரின் எஸ்1 முனைக்குக் கொடுத்த நான், ஊனோவின் கிரவுண்டை ட்ரைவரின் 0 வோல்ட் முனையோடு சேர்க்கவே இல்லை. ஒரு சாண் வயருக்காக ஒரு நாளும் ஒரு போர்ட் காசும் போயிற்று.

அதைப் பூட்டியதும் இடது சக்கரம் மட்டும் பின்னுக்குப் பறந்தது. வண்டில் வட்டமடித்துத் தண்ணீர்ப் பரலில் போய் முட்டியது. இந்த ட்ரைவருக்கு வேகத்தை ஒரு எண்ணாகத்தான் சொல்ல வேண்டும். நான் அனுப்பியது 127, அதாவது இடது மோட்டர் முழு வேகத்தில் முன்னுக்கு. 64 நிறுத்தம், 1 முழுப் பின்னோட்டம், 128இலிருந்து மேலே வலது மோட்டருக்கு. 0 கொடுத்தால் இரண்டும் நிற்க வேண்டும். 0 கொடுத்தேன், அப்போதும் பின்னுக்கே ஓடியது!

"மனே, அதுக்கு முன்னுக்குப் போகத் தெரியாதா?" என்றார் பெரியம்மா.

குற்றம் என் புரோகிராமில். எண்ணை அனுப்ப 'பிரிண்ட்லைன்' (println) என்று எழுதியிருந்தேன். அது 127ஐ ஒரு எண்ணாக அனுப்பாது. 1, 2, 7 என்று மூன்று எழுத்தாக, அவற்றின் குறியெண்களான 49, 50, 55 என அனுப்பும். பின்னால் வரி முடிவுக்கு 13, 10 வேறு. ட்ரைவர் கடைசியாக வாங்கியதைத்தான் பிடித்து வைத்திருக்கும். அந்த 10 கிட்டத்தட்ட முழுப் பின்னோட்டம். ஐந்தில் ஒன்றுகூட 128ஐத் தொடாததால் வலது சக்கரம் பேசாமல் இருந்தது. எண்ணை அப்படியே அனுப்பும் 'ரைட்' (write) என்று மாற்றியதும் வண்டில் சாதுவாக முன்னுக்குப் போனது. பெரியம்மா கை தட்டினார்.

செய்யப் போகிறவர்கள் முதலில் சக்கரத்தைக் கல்லில் தூக்கி வையுங்கள். ஊனோவின் 1ஆம் பின்னில் (pin, முனை) ட்ரைவரைக் கொடுக்காதீர்கள், அது யூஎஸ்பியோடு பங்கு. புரோகிராம் ஏற்றும்போது குப்பை எண்கள் போய்ச் சக்கரம் துள்ளும். நான் வேறு பின்னிலும் சீரியல் பேச வைக்கும் சாஃப்ட்வேர் சீரியல் போட்டு 11ஆம் பின்னுக்கு மாற்றிவிட்டேன்.

எரியாத பழைய ஊனோ லாச்சிக்குள் கிடக்கிறது. யாருக்கும் தேவையென்றால் பாதி விலைக்குத் தருவேன்.