4.4-ஆ, 4.25-ஆ?

“தனியா அளந்து பார்த்தும் 4.25-னே வந்தா என்ன சார் பண்றது?”

என்னிடம் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த மாணவி கேட்டது. “வந்தா அதையே எழுதும்மா” என்றேன். “அப்போ எதுவும் மாறலையே சார், நாள்தானே போகும்?” என்றாள். “போகட்டும்” என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டேன். மைக்ரோவேவ் பாடம் நடத்துவதும் ஆய்வேடு திருத்துவதுமாகவே என் வேலைக்காலம் ஓடிவிட்டது. இதைவிடச் சூடான வாக்குவாதங்கள் எத்தனையோ மறந்துவிட்டன. அந்த ‘போகட்டும்’ மட்டும் போகவில்லை.

விஷயம் சின்னதுதான். 2.45 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைகளை மட்டும் கடத்தும் ஒரு ஹேர்பின் ஃபில்டரை (கொண்டை ஊசிபோல் வளைந்த செம்புக் கோடுகள்) வடிவமைத்து, எஃப்ஆர்-4 என்ற வகை சர்க்யூட் போர்டில் செய்திருந்தாள். எந்த அதிர்வெண் எவ்வளவு கடக்கிறது என்று அளக்கும் நெட்வொர்க் அனலைசரில் மாட்டினால் மைய அதிர்வெண் 2.49-ல் நின்றது. சிமுலேஷனில் போர்டின் டைஎலக்ட்ரிக் மாறிலி, அதாவது அந்தப் பொருள் அலையை எவ்வளவு மெதுவாக்கும் என்று காட்டும் எண், 4.4 என்று கொடுத்திருந்தாள். அதை 4.25 ஆக்கினாள். அளந்த வளைவும் சிமுலேஷன் வளைவும் ஒன்றன்மேல் ஒன்று அப்படியே படிந்தன. இந்தப் படத்தைக் கட்டுரையில் போடலாமா என்று கேட்டு வந்தவளிடம், அதே போர்டில் ஒரு ரிங் ரெசொனேட்டர் (வட்டமான செம்புக் கோடு) செய்து மாறிலியைத் தனியாக அளந்த பிறகு மாற்று என்றேன். அனுப்ப வேண்டிய கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது எனக்கும் தெரியும்.

அவள் குருட்டாம்போக்கில் எண்ணை மாற்றவில்லை. எஃப்ஆர்-4 என்பது கண்ணாடி இழையும் எபாக்ஸியும் கலந்த பொருள். அந்தக் கலவையின் விகிதத்துக்கு ஏற்ப மாறிலி மாறும், அதிர்வெண் ஏற ஏறக் கொஞ்சம் இறங்கவும் செய்யும். 4.4 ஒன்றும் வேதவாக்கு இல்லை. வேண்டாத செம்பைக் கரைத்தெடுக்கும் எட்ச்சிங்கில் செம்பு கூடுதலாகக் கரைந்திருக்குமோ என்று நான் கேட்டதற்கும் பதில் வைத்திருந்தாள். 40 மெகாஹெர்ட்ஸ் நகர வேண்டுமானால் ஃபில்டருக்குள் அதிரும் கோடான, ஏறக்குறைய 34 மில்லிமீட்டர் நீளமுள்ள ரெசொனேட்டரில் அரை மில்லிமீட்டர் குறைய வேண்டும். “அவ்வளவு கரைஞ்சா கண்ணுக்கே தெரியுமே சார்.” கனெக்டர் சரியாக முறுகாமல் இருந்தால் இழப்பு கூடும், மையம் இப்படி நகராது. அதையும் அவளேதான் சொன்னாள்.

இவ்வளவும் கேட்ட பிறகும் ஏன் மறுத்தேன்?

என்னிடம் உள்ள காரணம் இது. ஃபில்டர் காட்டிய மையத்தை வைத்தே மாறிலியைக் கணக்கிட்டு, அந்த மாறிலியை வைத்தே ஃபில்டர் சரியாக வேலை செய்கிறது என்று காட்டினால், அந்தப் படம் எதையும் நிரூபிக்கவில்லை. வளைவுகள் ஒத்துப்போகும் வரை எண்ணைத் திருகினோம், ஒத்துப்போயின, அவ்வளவுதான். ரிங் அப்படி இல்லை. அதன் சராசரிச் சுற்றளவு முழு அலைநீளங்களாகப் பொருந்தும் இடத்தில் அது அதிரும். கோட்டின் அகலம் இரு பக்கமும் சற்றுத் தேய்ந்தாலும் அந்தச் சராசரி மாறாது. அதனால் போர்டைப் பற்றி ஃபில்டரைச் சாராமல் சாட்சி சொல்லும்.

இந்தக் காரணத்தை இன்றும் எந்த மேடையிலும் சொல்வேன். ஆனால் அன்று என் மனதில் ஓடியது இதுதானா என்பதில்தான் சந்தேகம். அந்த வாரம் இளநிலை மாணவர்களின் ரெக்கார்டு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். மைக்ரோவேவை உண்டாக்கும் கிளைஸ்ட்ரான் பெஞ்சில் ஸ்லாட்டட் லைனின், அதாவது நீளப் பிளவுள்ள அலைக்குழாயின், புரோபை நகர்த்தி, அலை மிகக் குறைந்துபோகும் அடுத்தடுத்த இரண்டு இடங்களின் (மினிமம்) இடைவெளியை வெர்னியர் அளவுகோலில் படிக்க வேண்டும். அந்த எக்ஸ்-பேண்ட் அலைக்குழாயில் 10 கிகாஹெர்ட்ஸுக்கு அது 19.9 மில்லிமீட்டர் வரும், அலைநீளம் அதன் இரு மடங்கு. மீட்டர் முள் மினிமத்துக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டே இருக்கும், இரண்டு பேர் படித்தால் இரண்டு எண் வரும். நோட்டுகளிலோ வரிசையாக 39.8, 39.8, 39.8. ஃபார்முலாவில் முதலில் விடையைப் போட்டுவிட்டு, அதிலிருந்து பின்னோக்கி ரீடிங் எழுதுகிற கலை பரம்பரை பரம்பரையாக வருகிறது. அந்த எரிச்சலோடு உட்கார்ந்திருந்தவனிடம் இவள் வளைவுகளைக் கொண்டுவந்து நீட்டினாள். என் பதிலில் எத்தனை பங்கு அவளுக்கு, எத்தனை பங்கு அந்த நோட்டுகளுக்கு என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

இன்னொன்றும் உண்டு. அளந்ததும் கணக்கிட்டதும் கொஞ்சம் விலகினால், “இச்சிறு வேறுபாட்டுக்குத் தயாரிப்பில் நேர்ந்த பிசகே காரணம்” என்று ஒரு வரி எழுதுவது எங்கள் துறையில் வழக்கம். அந்தப் பிசகை யாரும் அளப்பதில்லை. என் கட்டுரைகளிலும் அந்த வரி இருக்கிறது, அதை நீக்க வேண்டும் என்று இப்போதும் தோன்றவில்லை. அவள் அதைச் சுட்டிக்காட்டவில்லை. படிக்காமல் இருந்திருக்க மாட்டாள்.

ரிங் செய்தாள். 4.26 வந்தது. தேதி போயிருந்தது.

முடிவை என் மேசையில் வைத்தபோது அவள் முகத்தில் வெற்றியும் இல்லை, கோபமும் இல்லை. “சரி, இப்போ போடலாம்” என்றேன். 4.4-ஆக வந்திருந்தால் நான் சொன்னது சரியாகியிருக்கும். 4.26 வந்ததால் தவறாகிவிடுமா? ஆகாது என்றுதான் நினைக்கிறேன், விடை எதுவானாலும் அளந்ததற்கு மதிப்பு உண்டு. ஆனால் அந்த மதிப்பு யாருக்கு, செலவு யாருக்கு என்று கேட்டால் கணக்கு உதைக்கிறது. நாள் போனது அவளுக்கு, எனக்கு இல்லை.

இப்போது எங்கள் லேபில் எந்த லேஅவுட் போனாலும் மூலையில் ஒரு ரிங் சேர்த்துவிடுகிறோம், கூடுதல் நாள் ஆவதில்லை. ஆய்வேட்டில் அவள் இரண்டு வளைவுகளையும் போட்டாள், 4.4-க்குப் புள்ளிக்கோடு, 4.26-க்கு முழுக்கோடு, ரிங் அளவீட்டுக்குத் தனியாக ஒரு பக்கம். வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் அந்தப் பக்கத்தைத் திருப்பிவிட்டு, ஃபில்டர் கடத்தும் அதிர்வெண் பட்டையின் அகலம், அதாவது பேண்ட்விட்த், ஏன் குறைந்தது என்று கேட்டார். பதில் சொன்னாள், அவரும் திருப்தியானார். அந்த ஒரு பக்கத்தைப் பற்றி யாராவது கேட்க மாட்டார்களா என்று எனக்குத்தான் இருந்தது.