டிசம்பர் பயணத்துக்குக் கைக்குழந்தையைத் தயார் செய்தல்

நவம்பர் 22

பள்ளி விடுமுறை வந்தாலே சிங்கப்பூரிலிருந்து ஜப்பானின் சப்போரோ, கொரியாவின் சோல் என்று பெட்டி கட்டும் வீடுகளில், பாப்பாவுக்கு முதலில் வாங்குவது உப்பலான, தடித்த பஃபர் ஜாக்கெட். கடைசியாக வாங்க வேண்டியது அதுதான். உடம்பை ஒட்டி மெரினோ கம்பளி உள்ளாடை, அதன் மேல் ஃபிளீஸ் (மெத்தென்ற செயற்கை இழைச் சட்டை), வெளியே காற்றும் ஈரமும் புகாத உடை. பருத்தி உள்ளாடையும் போடலாம். ஆனால் எச்சிலோ வியர்வையோ பட்டு நனைந்தால் சீக்கிரம் காயாது, குளிரும். பெரியவர் போடுவதைவிட ஓர் அடுக்கு கூடுதல், அவ்வளவே. "அடுத்த வருஷமும் ஆகட்டும்" என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கினால் கழுத்து வழியே சூடு போய்விடும்.

நவம்பர் 25

வானிலைச் செயலியில் காற்றின் வேகத்தையும் பாருங்கள். மைனஸ் 5 டிகிரியில் மணிக்கு 20 கி.மீ. காற்று அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 12. குழந்தைக்கு எடையோடு ஒப்பிட்டால் தோல் பரப்பு அதிகம்; சூடு சீக்கிரம் இறங்கும். பச்சைக் குழந்தை பெரியவர்களைப்போல நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளவும் முடியாது. பிராமை (குழந்தைத் தள்ளுவண்டியை) தள்ளுகிறவருக்கு வியர்க்கும்போது உள்ளே அசையாமல் கிடக்கும் குழந்தைக்குக் குளிரும். நமக்கு எப்படி இருக்கிறது என்பதை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

நவம்பர் 28

வாடகைக் கார் எடுப்பவர்களுக்கு. ஜப்பானில் 6 வயதுக்குக் கீழ் குழந்தை இருக்கை கட்டாயம்; முன்பதிவிலேயே கேட்டுவிடுங்கள். இங்கே சிங்கப்பூரில் டாக்சிக்கு விலக்கு இருப்பதால் பலருக்குக் குழந்தை இருக்கையின் வார் கட்டிப் பழக்கமே இல்லை.

பஃபர் ஜாக்கெட்டோடு வார் கட்டக் கூடாது. மோதினால் ஜாக்கெட்டுக்குள் இருக்கும் காற்று நசுங்கி, வார் தொளதொளத்துப்போகும். குழந்தை அதிலிருந்து நழுவிவிடலாம். வீட்டிலேயே சோதிக்கலாம். ஜாக்கெட்டோடு உட்கார வைத்து வாரை இறுக்குங்கள். வாரைத் தளர்த்தாமல் கொக்கியை மட்டும் கழற்றி, ஜாக்கெட்டை உருவிவிட்டு மறுபடி பூட்டுங்கள். இப்போது தோள்பட்டை எலும்பருகே வாரை இரு விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு விரலில் பிடிபட்டால், அத்தனையும் ஜாக்கெட் மறைத்து வைத்திருந்த தளர்ச்சி. ஃபிளீஸோடு மட்டும் கட்டி, வாருக்கு மேல் போர்வையை இடுப்பு வரை போர்த்துவதே சரி. வண்டி சூடானதும் போர்வையை எடுத்துவிடலாம்.

டிசம்பர் 1

குழந்தையை உடம்போடு சேர்த்துத் தூக்கும் கேரியரில் கட்டினால், பெரியவரைவிடக் கூடுதலாகச் சொன்ன அந்த ஓர் அடுக்கு வேண்டாம்; அம்மா அப்பாவின் உடம்புச் சூடே போதும். பெரியவரின் ஜாக்கெட் இருவரையும் சேர்த்து மூடலாம், முகம் மட்டும் எப்போதும் வெளியே தெரிய வேண்டும். தாடைக்கும் மார்புக்கும் நடுவே இரு விரல் இடைவெளி இருக்கட்டும். கால் மடங்கும்போது பேன்ட் மேலேறி கணுக்கால் வெளியே தெரியும். முழங்கால் வரை காலுறை போடுங்கள், இறுக்கமாக வேண்டாம். தூக்குகிறவருக்கு வழுக்காத காலணி. பனிக்கட்டி நடைபாதையில் குளிரைவிட வழுக்கி விழுவதுதான் ஆபத்து.

பிராமின் வாயைப் போர்வையால் மூடாதீர்கள். காற்றோட்டம் தடைபடும்.

டிசம்பர் 3

சளி பிடிக்கும் என்று பாட்டிமார் குல்லாவைக் கழற்றவே விடமாட்டார்கள். அங்கே கடை, ரயில், ஹோட்டல் எல்லாம் ஹீட்டரில் கொதிக்கும். உள்ளே நுழைந்ததும் குல்லாவும் வெளி உடையும் கழன்றாக வேண்டும், பாப்பா தூங்கினாலும் சரி. அதிகச் சூடு தூக்கத்தில் நேரும் திடீர் மரண அபாயத்தைக் கூட்டும். கை கால் ஜில்லென்று இருப்பதை வைத்துப் பயப்படாமல், பிடரியிலோ நெஞ்சிலோ கை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. வியர்த்திருந்தால் ஓர் அடுக்கைக் கழற்றுங்கள்.

டிசம்பர் 5

ஒட்டும் சூட்டுப் பொதிகள் பாப்பாவுக்கு வேண்டவே வேண்டாம். துணிக்கு மேல் வைத்தாலும் நேரம் ஆக ஆகத் தோல் வெந்துவிடும். கன்னத்தில் மெல்லியதாக வாசலின். கைப்பையில் மாற்று உள்ளாடை இரண்டு. ஈர டயப்பரோடு வெளியே கிளம்ப வேண்டாம்.

டிசம்பர் 6

நெஞ்சும் வயிறும் ஜில்லென்று, பால் குடிக்காமல், எழுப்பினாலும் துவண்டு கிடந்தால் தாமதிக்காதீர்கள். கன்னம் சிவந்திருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். உடல் குளிர்ந்த குழந்தைக்கும் முகம் சிவந்திருக்கலாம். ஜப்பானிலும் கொரியாவிலும் ஆம்புலன்சுக்கு 119, நம்மூர் 995 அல்ல. வரும்வரை ஈர உடையைக் கழற்றி, மார்போடு தோலுக்குத் தோல் அணைத்து, இருவரையும் சேர்த்துப் போர்த்துங்கள். வெந்நீரில் இறக்கக் கூடாது, கை காலைத் தேய்க்கவும் கூடாது.