நிபா த்ரில்லர் எழுதப் போகிறவர்களுக்கு

கேரள-தமிழக எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வாளையாறு பக்கம் களம் வைத்து, பழந்தின்னி வௌவாலிடமிருந்து மனிதருக்கு வரும் நிபா வைரஸ் பற்றி ஒரு த்ரில்லர் எழுத நினைத்தால், ஆய்வகத்தில் தொடங்காதீர்கள். நோயின் மூலத்தைத் தேடும் வேலை தினசரி காலண்டரில் தொடங்குகிறது.

முதல் நோயாளிக்குக் காய்ச்சல் கண்ட நாளிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். கிருமி தொற்றிக் காய்ச்சல் வரப் பெரும்பாலும் 4 முதல் 14 நாள் ஆகும். அந்த நாட்களில் எங்கே போனார், எதைத் தின்றார், எந்த நோயாளியைப் பார்த்தார் என்று அவரிடமே கேட்க முடிவது அபூர்வம். மூளைக்காய்ச்சல் முற்றி நினைவிழந்திருப்பார், இல்லை இறந்திருப்பார். மனைவி, பிள்ளைகள், கூட வேலை செய்தவர்கள் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். தேதி சொன்னால் யாருக்கும் நினைவு வராது. சந்தை நாள், கூலி வாங்கிய சனிக்கிழமை, கோயில் பூஜை, ஜிபே மெசேஜ், போனில் எடுத்த படம் என்று ஒவ்வொன்றாகப் பிடித்துத்தான் நாட்களை நிரப்ப முடியும்.

எல்லையில் மொழியே ஒரு கண்ணி. மலையாளத்தில் 'பனி' என்றால் காய்ச்சல். "பனி எப்ப தொடங்கிச்சு?" என்று கேட்டால் கொழிஞ்சாம்பாறைக்காரருக்குப் புரியும், தமிழ்நாட்டிலிருந்து தோப்பு வேலைக்குப் புதிதாக வந்தவர் மார்கழிப் பனியை நினைப்பார். "பழம் சாப்பிட்டாரா?" என்றால் இரண்டு மொழிக்காரர்களுக்கும் முதலில் தோன்றுவது வாழைப்பழம். கொய்யா, நாவல், ரம்புட்டான் என்று பேர் பேராகக் கேட்க வேண்டும். "வௌவால் கடிச்ச பழம் தின்னாரா?" என்றால் யாரும் ஆமாம் சொல்லமாட்டார்கள். "மரத்தடியில விழுந்தத யாரு பொறுக்குவாங்க?" என்று கேளுங்கள், வீட்டின் சின்னப் பையன் பதில் சொல்வான்.

களம் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகா என்றால் கள்ளையும் விடக்கூடாது. ராத்திரி மரத்தில் கட்டியிருந்த பானை மூடியிருந்ததா, வௌவால் வாய் வைக்கும்படி திறந்திருந்ததா? புளித்துவிட்டால் கிருமி செத்துவிடும் என்று நம்ப முடியாது. வங்கதேசத்தில் ஈச்சமரச் சாற்றால் மட்டுமல்ல, அதைப் புளிக்கவைத்த கள்ளாலும் நிபா வந்திருக்கிறது.

2018 மே மாதம் கோழிக்கோட்டில் நடந்ததில் ஒரு த்ரில்லருக்கு வேண்டிய திருப்பம் அப்படியே இருக்கிறது. பேராம்பிரா அருகே முதலில் நோய் கண்ட குடும்பத்தின் கிணற்றில் வௌவால்கள் இருந்தன. எல்லோரும் கிணற்றைத்தான் கை காட்டினார்கள். அவை பூச்சி தின்பவை. சோதனையில் கிருமி இல்லை. பிறகு அந்த வட்டாரத்தில் பிடித்த பழந்தின்னி வௌவால்களில்தான் கிருமி கிடைத்தது. மனிதர்களிடம் எடுத்ததோடு அதன் மரபணு மிக நெருக்கமாகப் பொருந்தியது. அப்படியும் முதல் நோயாளிக்கு அது எப்படி வந்தது என்பது உறுதியாகவில்லை. அவரிடம் மாதிரி எடுக்கும் முன்பே இறந்துவிட்டார். அந்த முறை அரசுக் கணக்கில் 17 பேர் இறந்தார்கள். தொற்று பரவியதில் பெரும்பகுதி மருத்துவமனைகளுக்குள் நடந்தது.

வௌவாலைப் பிடிக்காமலும் மாதிரி எடுக்கலாம். இரை தேடப்போன கூட்டம் விடியலில் திரும்பும் முன், அடையும் மரத்தின் கீழ் சுத்தமான பிளாஸ்டிக் தாளை விரிக்க வேண்டும். கவச உடை, என்95 முகக்கவசம், கண்ணாடி, இரட்டைக் கையுறை எல்லாம் கட்டாயம். தாளில் விழும் மூத்திரத் துளிகளை வெயில் ஏறும் முன் உறிஞ்சி, கிருமி கெடாத திரவத்தில் போட்டு, குளிர்ச்சி விடாமல் மூன்றடுக்குப் பெட்டியில் புனேயிலுள்ள தேசிய வைராலஜி நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். தாமதித்தால் துளி காய்ந்துவிடும். முடிவு 'இல்லை' என்று வந்தாலும் அந்த மரத்தை விடுவிக்க முடியாது. வௌவால் எப்போதும் கிருமியை வெளியேற்றுவதில்லை, சில காலம்தான். நோயாளிக்குத் தொற்றிய நாளுக்கும் தாள் விரித்த நாளுக்கும் நடுவில் வாரங்கள் ஓடியிருக்கும்.

உங்கள் கதையில் மிக நெருக்கடியான காட்சி அந்த மரத்தடியில்தான் நடக்கும். ஊர் திரண்டு வெடி போட வரும், கோடாலியோடும் வரும். பிள்ளையைப் பறிகொடுத்தவரின் கோபத்தில் நியாயம் இருக்கிறது, அதைக் குறைத்து எழுதாதீர்கள். ஆனால் வெடி போட்டால் கூட்டம் சிதறி நாலு ஊர் மரங்களில் போய் அடையும். அலைக்கழிந்த வௌவால் கிருமியைக் கூடுதலாகவும் கழிக்கக்கூடும். இதை அவரிடம் எடுத்துச் சொல்ல உங்கள் நாயகிக்குச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும், அதுவும் முகக்கவசத்துக்குள்ளிருந்து, இரண்டு மொழியிலும்.