தம்பிகள் வீட்டுப் பிள்ளைகள்

பெங்களூர் அல்சூரில் நம் பள்ளியில் படித்தவர்களில் யார் யாருடைய அப்பா எம்.இ.ஜி.யில் இருந்தார் என்று கேட்டால் வகுப்பில் பாதிக் கை உயரும். மெட்ராஸ் என்ஜினியர் குரூப் என்பது காகிதத்தில். நமக்கு அது சப்பர்ஸ். 1780இல் தொடங்கிய, ராணுவத்தின் பொறியியல் படை. ராணுவத்தில் இவர்களுக்குத் 'தம்பி' என்றே பெயர். பல்லெல்லாம் போன பென்ஷன்காரத் தாத்தாவும் தம்பிதான்!

எங்கள் வீட்டில் கொள்ளுத்தாத்தா முதல் உலகப் போரில் மெசபடோமியா போனவர். ஒரு பதக்கமும் பேரீச்சந்தோப்புக் கதைகள் சிலவும் தவிர அவரைப் பற்றி ஒன்றும் மிஞ்சவில்லை. தாத்தா இரண்டாம் உலகப் போரில் இத்தாலியில் பெய்லி பாலம், அதாவது துண்டு துண்டாகக் கோத்துப் போடும் இரும்புப் பாலம், போட்டவர். பத்தடி நீள இரும்புச் சட்டம் ஒன்றைத் தூக்க ஆறு ஆள் வேண்டும். அதை ராத்திரியில், விளக்கில்லாமல், சத்தம் போடாமல் தூக்கி, ஓட்டைக்கு ஓட்டை சேர்த்து முளை அடிக்க வேண்டும். தீப்பெட்டிகளை அடுக்கி எங்களுக்குச் செய்து காட்டுவார். சுபேதார் சுப்பிரமணியன் பேச்சு வந்தால் மட்டும் தீப்பெட்டியை ஓரமாக வைத்துவிடுவார். 1944 பிப்ரவரியில் அதே இத்தாலியில், வெடிக்கவிருந்த கண்ணிவெடி மேல் விழுந்து படுத்து, கூட இருந்தவர்களைக் காப்பாற்றி உயிரை விட்ட சப்பர் அவர். அவர் இறந்த பிறகு ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருதைக் கொடுத்தார்கள்.

ஏழாம் வகுப்பில் ஒரு குடியரசு தினத்துக்கு, "உங்க அப்பா எத்தனை எதிரியைச் சுட்டார்?" என்று பையன்களுக்குள் போட்டி. நான் வீட்டில் போய்க் கேட்டேன். "நான் மண்ணைத்தாண்டா குத்தினேன்" என்றார் அப்பா. 1971 டிசம்பர், பாகிஸ்தானுடன் போர், ஷகர்கர் பகுதி, பசந்தர் ஆறு. குப்புறப் படுத்து, கம்பியைச் சாய்வாக மண்ணில் இறக்கி, தட்டுப்படும் கண்ணிவெடியைத் தோண்டி எடுத்து, டாங்கி போகத் தடம் திறக்க வேண்டும். வேலை முழுக்க முடிவதற்குள்ளேயே பூனா ஹார்ஸ் படைப்பிரிவின் டாங்கிகள் அந்தத் தடத்தில் இறங்கிவிட்டன. மறுநாள் சண்டையில்தான் அந்தப் படைப்பிரிவின் அதிகாரி அருண் கேத்ரபால் வீர மரணம் அடைந்தார். அவருக்குப் பரம வீர் சக்ரா கிடைத்தது. அவர் பெயர் நாட்டுக்கே தெரியும். தடம் போட்டவர்கள் பெயர் யாருக்குத் தெரியும்?

எனக்கு அதில் வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் எங்கள் வீட்டுப் பெருமையே அந்த வரிசையில்தான் இருக்கிறது: பின்னால் வருகிறவன் காலை ஊன்றுவதற்கு முன்னால் போய் வருவது. துப்பாக்கிக் கதை எங்கள் வீட்டில் குறைவு. பாலம், ரோடு, கிணறு, கம்பிவேலி இவைதான் கதை. கம்பிவேலியை உடைக்கிற 'பெங்களூர் டார்பிடோ' என்ற வெடிமருந்துக் குழாய் 1912இல் நம்மூர் சப்பர்களிடம் பிறந்து, நார்மண்டிக் கடற்கரை வரை போனது. இங்கே கனடாவில் யாராவது "பெங்களூரா, ஐ.டி. வேலையா?" என்று கேட்டால் நான் இதைத்தான் எடுத்துவிடுவேன். பாவம், கேட்டவர் மாட்டிக்கொள்வார்.

நான் சேரவில்லை, கண்ணாடி போட்ட கண், அப்புறம் வெளிநாட்டு வேலை. அண்ணன் மகன் சேர்ந்தான். பயிற்சி முடிந்து உறுதிமொழி எடுக்கும் அவனுடைய கசம் பரேடைப் பார்க்க அப்பாவைச் சக்கர நாற்காலியில் கூட்டிக்கொண்டு போனோம். வரிசையாக சப்பர்களுக்கே உரிய டூப்டா தொப்பிகள், பேண்டு, எங்கள் எல்லோர் கண்ணிலும் தண்ணீர். அப்பா மட்டும் அண்ணனைப் பக்கத்தில் கூப்பிட்டு, "மூணாவது வரிசையில உன் பையனுக்கு இடது கை சரியா வீசலை, சொல்லி வை" என்றார்.