மற்றிங் விரிச்ச விடியக்காலை

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாங்கோ அண்ணை எண்டு பழைய மாணவர் சங்கத்துத் தம்பியவை மூண்டு தரம் போன் எடுத்திட்டினம். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியைப் பற்றி எழுதுறதெண்டா எனக்கு முதல்ல கண்ணுக்கு முன்னால வாறது கிரிக்கெட் பிட்ச்சில விரிக்கிற மற்றிங்தான், வகுப்பறையெல்லாம் பிறகுதான்.

பிக் மச் அண்டு விடிய ஆறு மணிக்கு கிறவுண்டில நிக்கோணும். ஸ்ரோர் ரூமுக்குள்ள உருளையாச் சுருட்டி வச்சிருக்கிற தும்பு மற்றிங்கை எட்டுப் பேர் தோளில தூக்கிக்கொண்டு வந்து பிட்ச் நீளத்துக்கு விரிக்கிறது, ஒரு தொங்கலில ஆணி அடிச்சிட்டு மற்றத் தொங்கலில எல்லாரும் குதிக்காலை ஊண்டிப் பின்னால சரிஞ்சு இழுக்கிறது, இழுத்துப் பிடிச்சபடி நிக்க ஒருத்தன் சம்மட்டியால சுத்திவர ஆணி அடிச்சுக்கொண்டு வருவான். ஒரு இடத்தில சுருக்கம் கிடந்தாலும் பந்து எகிறி பற்ஸ்மனின்ர முகத்துக்குப் போயிடும் எண்டு மாஸ்ரர் முழங்காலில இருந்து கையால தடவித் தடவிப் பாப்பார். பிறகு தண்ணி தெளிப்பம். நனைஞ்ச தும்பு மணம், கையெல்லாம் தும்புக் கீறல், பக்கத்தில கோட்டை முனியப்பர் கோயில் மணிச் சத்தம், இதுகளை எழுதேக்குள்ளயே மூக்கில வருது. நான் ஒருநாளும் ஃபஸ்ட் லெவனில விளையாடேல்லை, ஆனா அந்த மற்றிங்கை நாலு வருசம் இழுத்தனான், அது எனக்குக் காணும்.

சென். ஜோன்ஸ் கல்லூரியோட எங்கட மச் 1904இல தொடங்கினது. வடக்கின் பெரும்போர் எண்டு இப்ப பேப்பருகளில போடுறாங்கள், நாங்கள் பிக் மச் எண்டுதான் சொல்லுறது. ரெண்டும் மிஷன் பள்ளிக்கூடமாப் பிறந்ததுகள். அவையின்ர 1823இல சேர்ச் மிஷன்காரர் தொடங்கினது, எங்கட அதுக்கும் முந்தி 1816இல வெஸ்லியன் மிஷன்காரர் தொடங்கின ஆங்கிலப் பள்ளிக்கூடம். 1960இல அரசாங்கம் பள்ளிக்கூடங்களைப் பொறுப்பெடுக்கேக்குள்ள அவை தனியார் பள்ளிக்கூடமா நிண்டிட்டினம், நாங்கள் அரசாங்கப் பள்ளிக்கூடமானம். எங்கட அப்பா பெரியகடையில கணக்கெழுதினவர். இலவசக் கல்வி 1945இல வந்திருக்காட்டி எங்கட வீட்டில நாலு பெடியளையும் டவுன் பள்ளிக்கூடத்தில படிப்பிச்சிருக்கேலாது, அதை அவர் சாகும்வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தவர்.

எங்கட பள்ளிக்கூடத்தின்ர சரித்திரத்தில பேர்சிவல் பாதிரியார் காலத்துக்கு மேல எனக்கு ஒண்டும் இல்லை. 1834இல அவர் பொறுப்பெடுத்துத்தான் சென்ரல் ஸ்கூல் எண்ட பேரே வந்தது. அந்த ஆளிட்டப் படிச்ச நல்லூர்ப் பெடியன்தான் பிறகு ஆறுமுக நாவலர் ஆனது. படிச்சு முடிச்சு அங்கயே படிப்பிச்சு, பாதிரியாரோட ஒரே மேசையில இருந்து பைபிளைத் தமிழாக்கினவர். ரெண்டு பேரும் அதைக் கொண்டு மெட்ராசுக்குப் போனவை. பிறகு 1848இல வேலையை விட்டிட்டு வண்ணார்பண்ணையில சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, மிஷன்காரருக்கு எதிரா நிண்டு சைவத்தையும் தமிழையும் வளர்த்தார். பாதிரியாரும் லேசான ஆளில்லை, எங்கட ஆச்சிமாற்ற வாயில கிடந்த பழமொழியளைத் திரட்டிப் புத்தகமாப் போட்டவர், 1874இல வந்த பதிப்பில 6000 பழமொழிக்கு மேல இருக்கு. கொள்கையில எதிரும் புதிருமா நிக்கப்போற ரெண்டு பேர் வருசக்கணக்கா ஒரு வசனத்துக்குச் சரியான தமிழ் எதெண்டு இருந்து யோசிச்ச இடம் எங்கட பள்ளிக்கூடம். அது எனக்குப் பெரிய பெருமை.

நான் ஆறாம் வகுப்புக்குச் சேர்ந்தது 1974 தை மாசம். அந்தக் கிழமைதான் தமிழாராய்ச்சி மாநாடு, யாழ்ப்பாணம் முழுக்கத் தோரணமும் வாழையுமா இருந்தது, அப்பா சைக்கிள் பாரில இருத்தி ஒவ்வொரு தெருவாக் கொண்டுபோய்க் காட்டினவர். பத்தாம் திகதி ராத்திரி வீரசிங்கம் மண்டபத்தடியில மாநாட்டுக்கு வந்த கூட்டத்துக்குள்ள பொலிஸ் புகுந்து சனம் செத்தது. அடுத்த நாள் அப்பா என்னைப் பள்ளிக்கூடம் விடேல்லை.

சென்ரல் பெடியனுக்குப் பள்ளிக்கூடம் மதிலோட முடியிறேல்லை. முற்றவெளி, கோட்டை, சுப்பிரமணியம் பூங்கா, வேம்படிச் சந்தி (அந்தச் சந்தியில சைக்கிள் செயின் எல்லாருக்கும் கழரும்), எல்லாத்துக்கும் மேல லைப்ரரி, அதுதான் யாழ்ப்பாணப் பொது நூலகம். 1959இல திறந்தது. பள்ளிக்கூடம் விட்டா ஐஞ்சு நிமிசம்கூட நடக்கத் தேவையில்லை, சரஸ்வதி சிலையடியில செருப்பைக் கழட்டாத குறையா ஒரு அடக்கம் தானா வந்திடும். வீட்டில லைற் இல்லாத பெடியள் ஏ.எல். சோதனைக்கு அங்க இருந்துதான் படிச்சவை, நானும் அதில ஒருத்தன். எனக்கெண்டு ஜன்னலோரமா ஒரு கதிரை இருந்தது, அதில வேற ஆக்கள் இருந்தா அண்டைக்குப் படிப்பு ஓடாது.

1981 மே 31 ராத்திரி அது எரிஞ்சது. 97,000 புத்தகம், ஏட்டுச்சுவடியள். ரெண்டு மூண்டு நாளைக்குப் பிறகுதான் என்னால அந்தப் பக்கம் போக முடிஞ்சது. முதல்ல லைப்ரரிக்குப் போகப் பயந்து எங்கட கிறவுண்டுக்குத்தான் போனன். பிட்ச் பக்கத்துப் புல்லில கரிஞ்ச தாள் ஒண்டு கிடந்தது. சுத்திவரக் கறுத்து நடுவில உள்ளங்கை அளவு மட்டும் வெள்ளையா நிண்டது, அச்செழுத்து வடிவாத் தெரியுது, தமிழ்தான். குனிஞ்சு எடுக்கப் போக விரலுக்குள்ளயே தூளாப் போச்சு. வாசிக்கக்கூட இல்லை. அந்தச் சாம்பல் விழுந்த புல்லுக்கு மேலதான் அடுத்த வருசம் மற்றிங்கை விரிச்சது, ஒருத்தரும் ஒண்டும் கதைக்கேல்லை, வழக்கமா இழுக்கேக்குள்ள போடுற சத்தம்கூட இல்லை.

பிறகு நடந்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும், 1990இல கோட்டைச் சண்டையில அந்தச் சுற்றாடலே இடிஞ்சு போனது, 1995இல ஊரே வெளிக்கிட்டது. அதுக்குப் பிறகும் பள்ளிக்கூடம் எழும்பி 2016இல 200 வருசம் கொண்டாடினது.

தம்பியவை, உங்களிட்ட ஒரு விசயம் கேக்கிறன். கட்டிடத்துக்குக் காசு சேர்க்கிறம், ஸ்கொலர்ஷிப் குடுக்கிறம், நல்லது. எங்கள விட மூத்த அண்ணைமார் லண்டனிலயும் ரொறன்ரோவிலயும் இன்னும் இருக்கினம், அவையிட்டப் போய் இருந்து கதைச்சு ஃபோனில ரெக்கோட் பண்ணுங்கோ. ஒவ்வொரு வருசமும் மலரில அஞ்சலிப் பக்கம் கூடிக்கொண்டு போகுது.

இந்த முறையும் பிக் மச்சுக்கு விடிய நாலு மணிக்கு எழும்பி யூரியூப்பில லைவ் போட்டனான், வெளியில லண்டன் குளிர். மகனும் போர்வையோட வந்து பக்கத்தில இருந்திட்டான். கமரா ஒருக்கால் கிறவுண்டைச் சுத்தித் திரும்பேக்குள்ள மரங்களுக்கு மேலால வெள்ளைக் கட்டிடம் ஒண்டு தெரிஞ்சுது.

"அப்பா, அது என்ன கோயிலோ?"

"இல்லை ராசா, லைப்ரரி. திரும்பக் கட்டினது. பொறு, உனக்குச் சொல்லுறன்" எண்டு சத்தத்தைக் குறைச்சன்.