கோட் எழுதப் பிடிக்காமல் போனால்

“சாஃப்ட்வேர் வேலை செய்யலை” என்று ஒரே வரியில் டிக்கெட் (புகார்க் குறிப்பு) வந்தால் எந்த டெவலப்பரும் உடனே எடிட்டரைத் திறக்க மாட்டார். எந்த ஸ்கிரீன், எதை அழுத்தினீர்கள், என்ன எரர் வந்தது என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். அதே ஆள், “இந்த வேலையே பிடிக்கலை” என்று தன் மனது போடும் ஒற்றை வரி டிக்கெட்டை மட்டும் ஒரு கேள்வியும் கேட்காமல் ஏற்றுக்கொண்டு, ராஜினாமாக் கடிதம் எழுத உட்கார்ந்துவிடுகிறார்.

பிடிக்காமல் போனது எது? நிரல் எழுதுவதா, அதைச் சுற்றியிருக்கும் சடங்குகளா, செய்யும் புராடக்டா, கூட இருக்கும் ஆட்களா, அல்லது உடம்பும் மூளையும் ஓய்ந்துபோய் எதுவுமே பிடிக்காத நிலையா? ஐந்துக்கும் வைத்தியம் வேறு வேறு. ஞாயிறு மாலை வயிற்றைப் பிசையும் உணர்வு மட்டும் ஐந்துக்கும் ஒன்றுதான். அதனால்தான் உணர்வை வைத்து முடிவெடுக்க முடிவதில்லை.

நான்கு வாரக் குறிப்பு ஒன்று இதைப் பிரித்துக் காட்டும். வேலை நாளில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரே ஒரு வரி: என்ன செய்தேன், அதைச் செய்வது என் தேர்வா இல்லையா, முடிந்தபோது தெம்பு கூடியதா குறைந்ததா. கூடினால் +1, குறைந்தால் -1, ஒன்றுமில்லை என்றால் 0. ஒரு நாளைக்கு 4 வரி, நான்கு வாரத்துக்கு 80 வரி. சாதாரண டெக்ஸ்ட் ஃபைல் போதும். (இதற்கென்று ஆப் எழுத ஆரம்பிப்பவர்கள் இரண்டாம் வாரத்தில் ஆப்பையும் குறிப்பையும் சேர்த்தே கைவிடுவார்கள். ஆனால் அந்த ஆப்பை உற்சாகமாக எழுதினார்கள் என்றால் அதுவே ஒரு தகவல்.) மாத முடிவில் வரிகளை வகை பிரித்துக் கூட்டிப் பார்த்தால், -1 எல்லாம் இரண்டு மூன்று வகைகளில் வந்து குவிந்திருக்கும்.

அப்படிக் குவியும் ஒரு வகையைக் கிட்டத்தில் பார்ப்போம். 14 வரி மாற்றம். எழுத ஆனது 25 நிமிடம். புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கும் கோரிக்கை) போட்டதும் சிஐ, அதாவது தானியங்கிச் சோதனை, ஓட 40 நிமிடம். இந்த மாற்றத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு டெஸ்ட் டைம்அவுட் ஆகிறது. மறுபடி ஓட்டினால் இன்னொரு 40. அது தேறிப் பச்சையாகும்போது ரிவ்யூ செய்ய வேண்டியவர் கிளம்பிவிட்டார். மறுநாள் ஒரு கமென்ட்: வேரியபிள் பெயரை மாற்றவும். மாற்றியாயிற்று, திரும்பவும் 40. அதற்குள் வேறொருவர் தன் மாற்றத்தை மெயின் பிராஞ்சில் (பொதுப் பிரதியில்) மெர்ஜ் செய்ததால் கான்ஃப்ளிக்ட், இரண்டும் மோதுகின்றன. சரிசெய்து புஷ் பண்ணியதும் வாங்கிய அப்ரூவல் தானாக ரத்தாகிறது, அது ரெப்போவின் (கோட் சேமிப்பிடத்தின்) விதி. மூன்றாம் நாள் மாலை ஒருவழியாக உள்ளே போகிறது. காத்திருந்த நேரத்தை வீணாக்கக் கூடாதென்று நடுவில் வேறு இரண்டு டிக்கெட்டுகளையும் திறந்தாயிற்று. தலை இப்போது மூன்று இடத்தில் கிடக்கிறது. இந்த மூன்று நாளில் புரோகிராமிங் என்று சொல்லத்தக்கது அந்த 25 நிமிடம்தான். அதை யாரும் வெறுக்கவில்லை.

இந்த வகை வெறுப்புக்கு வேலையை விட வேண்டியதில்லை. அடிக்கடி காரணமில்லாமல் தோற்கும் டெஸ்டுகளைத் தனியே ஒதுக்கி வைப்பது, புல் ரிக்வெஸ்டுக்கு ஓடும் சிஐயை 10 நிமிடத்துக்குள் அடக்கி நீளமான டெஸ்டுகளை இரவுக்குத் தள்ளுவது, ரிவ்யூவுக்கு நாளில் இரண்டு நேரங்களை டீமாகக் குறித்துக்கொள்வது என்று மூன்றும் செய்யக்கூடியவை. மேனேஜரிடம் எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. “உற்சாகமே இல்லை” என்றால் அவர் அனுதாபப்படுவார், அதற்குமேல் அவரால் ஒன்றும் ஆகாது. “போன மாதம் எனக்கு 11 தடவை சிஐ தோற்றது, ஒன்பதுக்குக் காரணம் இந்த இரண்டு டெஸ்ட், மூன்று நாள் கொடுத்தால் சரிசெய்கிறேன்” என்றால் அது அவர் பிளானில் ஏறும்.

ஆன்-கால் (கோளாறு வந்தால் எந்நேரமும் எழுந்து பார்க்கும் முறைப்பணி) சுமையும் அப்படித்தான், எண்ணிக் காட்டினால்தான் நகரும். கூகுளின் எஸ்ஆர்இ (சேவைகள் நிற்காமல் ஓடப் பார்த்துக்கொள்ளும்) குழுவினர் 2016-இல் வெளிப்படையாக எழுதிவைத்த அளவு ஒன்று உண்டு: ஒரு பிரச்சினையைத் தீர்த்து, மூலகாரணம் தேடி, என்ன நடந்தது என்று போஸ்ட்மார்ட்டம் எழுதி முடிக்க சராசரியாக 6 மணி நேரம், ஆகவே 12 மணி நேர ஷிஃப்டில் அதிகபட்சம் 2. உங்கள் பேஜர் ஓர் இரவில் ஐந்து தடவை அலறுகிறது என்றால் அந்த ஏற்பாடே தப்பு, மனவுறுதியைக் குறைசொல்லிப் பயனில்லை. அலறியவற்றில் எத்தனைக்கு நீங்கள் உண்மையில் ஏதாவது செய்தீர்கள் என்று எழுதி வையுங்கள். பார்த்துவிட்டு மூடியவை எல்லாம் நீக்க வேண்டிய அலர்ட்டுகள்.

இப்போது புதிதாக இன்னொன்று சேர்ந்திருக்கிறது. ஏஐ கருவி நிரலை எழுதித் தருகிறது, மனிதர் சரிபார்க்கிறார். எழுதுவதில் சுகம் கண்டவருக்குப் பிடித்த பாதி குறைந்து, பிடிக்காத பாதி பெருத்துவிட்டது. தான் எழுதாத 600 வரியைப் படித்துப் பொறுப்பேற்பது, எழுதுவதைவிடச் சோர்வு தரும் வேலை. வேலையே மாறிவிட்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எந்த மாட்யூலைக் கையால் எழுதுவது, எதைக் கருவிக்கு விடுவது என்று முன்கூட்டியே பிரித்துக்கொள்பவர்களுக்கு ஓரளவு தாக்குப்பிடிக்க முடிகிறது.

சரி, குறிப்பில் நிரல் எழுதிய வரிகளே -1 என்று வந்தால்? அதையும் அவசரப்பட்டு நம்பக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 வகைப்பாடு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அது பர்ன்-அவுட்டை நோயாகச் சேர்க்கவில்லை. பணி சார்ந்த நிலை என்று வைத்து மூன்று அடையாளம் சொல்கிறது: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகுவது அல்லது அதன்மேல் கசப்பு, செய்யும் காரியத்தில் திறன் குறைந்த உணர்வு. இதில் இரண்டாவதை மட்டும் பார்த்துவிட்டு “எனக்கு கோடிங் ஒத்துவரவில்லை” என்று முடிவுகட்டுவது நடக்கிறது. முதலாவது இருக்கும்வரை இரண்டாவதை அளக்க முடியாது. தூக்கம், பசி, வேலைக்கு வெளியே பிடித்த காரியங்கள் எல்லாமே சேர்ந்து படுத்துவிட்டன என்றால் பார்க்க வேண்டியது மருத்துவரை. வேலை தேடும் தளமெல்லாம் அப்புறம்.

தளர்ச்சி இல்லை என்றால் ஒரு சோதனை செய்யலாம். இரண்டு வார விடுப்பு. பத்தாம் நாள் வரை கம்ப்யூட்டரைத் தொட வேண்டாம். அதன்பிறகு யாரும் கேட்காத, யாருக்கும் காட்டத் தேவையில்லாத ஏதோ ஒன்றை நான்கு மணி நேரம் எழுதிப் பாருங்கள். இரண்டாம் நாளே இதைச் செய்தால் களைப்புதான் பதில் சொல்லும். நேரம் போனதே தெரியவில்லை என்றால் பிரச்சினை கோட் இல்லை. முதல் அரை மணியிலேயே கை வேறெதையோ தேடினால் தொழில் மாறுவதைப் பற்றி யோசிக்கலாம். பொழுதுபோக்காகத் தொடங்கி இதற்குள் வந்தவர்கள் ஒன்றைக் கணக்கில் வைக்க வேண்டும். உளவியலாளர் எட்வர்ட் டெசி 1971-இல் மாணவர்களுக்குக் கனசதுரத் துண்டுப் புதிர்களைக் கொடுத்துப் பார்த்தார். விடைக்குப் பணம் வாங்கிய குழு, பணம் நின்றபின் ஓய்வு நேரத்தில் தானாகப் புதிரைத் தொடுவது குறைந்தது. சம்பளத்துக்குச் செய்யத் தொடங்கிய பழைய ஆசையும் கொஞ்சம் இப்படித்தான் மங்கும். ஆகவே நான்கு மணி நேரத்தில் பதினாறு வயதுப் பரவசம் வர வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இருந்தே சமாளிப்பதென்றால் அதிலும் ஒரு பொறி உண்டு. பிடிக்கவில்லை என்று ஒதுங்கிக்கொள்பவருக்கு யாரும் எடுக்காத டிக்கெட்டுகளே வந்து சேரும். அது வெறுப்பை இன்னும் வளர்க்கும். நேரத்தைக் குறைக்கலாம், குறிப்பிட்ட ஒரு மூலையை மட்டும் விட்டுவிடக் கூடாது: டேட்டாபேஸோ பில்டோ, எதிலாவது “இவரைக் கேளுங்கள்” என்ற பெயர் இருந்தால் மற்றதில் மறுக்கும் உரிமை கிடைக்கும்.

பக்கத்து நாற்காலிகளைப் பற்றிய கற்பனைகள்தான் அதிகம் ஏமாற்றுகின்றன. மீட்டிங் பிடிக்காமல் புராடக்ட் மேனேஜர் ஆகிறவர் நாள் முழுக்க மீட்டிங்கில் இருப்பார். டெக்னிக்கல் ரைட்டருக்கு எழுதும் நேரத்துக்கு ஈடாக, பதில் சொல்லாத இன்ஜினியர்களைத் துரத்தும் நேரமும் போகும். ப்ரீ-சேல்ஸில் டெமோ நன்றாக இருக்கும், காலாண்டு இலக்கும் கூடவே வரும். டீம் மேனேஜரானால், செய்தது சரியா என்று கம்பைலர் சில நொடியில் சொன்னதை மனிதர்கள் ஆறு மாதம் கழித்துச் சொல்வார்கள். மாறும்முன் அந்த வேலையில் இருக்கும் ஒருவரிடம் “நேற்று காலையிலிருந்து மாலை வரை என்ன செய்தீர்கள்” என்று மட்டும் கேளுங்கள். “பிடித்திருக்கிறதா” என்ற கேள்விக்கு எல்லோரும் மரியாதைக்குப் பதில் சொல்வார்கள்.

பணக் கணக்கில் வழக்கமான தவறு, ஒரு மாதச் செலவை எடுத்துப் பெருக்குவது. 12 மாதச் செலவையும் கூட்டி 12-ஆல் வகுக்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை வரும் காப்பீடும் கட்டணமும் அப்போதுதான் வெளியே தெரியும். சேமிப்பை அந்த எண்ணால் வகுத்தால் எத்தனை மாதம் தாங்கும் என்பது வரும். புதுத் துறையில் சம்பளம் குறையும் என்றால், விலகும்முன் மூன்று மாதம் அந்தச் சம்பளத்திலேயே வாழ்ந்து மீதியைத் தொடாமல் வையுங்கள். வாழ முடியுமா என்பதும் தெரியும், கையிருப்பும் கூடும். பங்குகள் ஒதுக்கப்பட்டிருந்தால் தேதியைப் பாருங்கள்: நான்கு ஆண்டு வெஸ்டிங் (பங்குகள் கொஞ்சம் கொஞ்சமாக உங்களுடையதாவது), முதல் ஆண்டு கிளிஃப் (ஓராண்டு முடியும்வரை எதுவும் இல்லை) என்ற பரவலான ஏற்பாட்டில் 11-ஆம் மாதம் கிளம்புபவருக்கு ஒன்றும் கிடையாது.

போவது என்று ஆனபின் ஒப்படைப்பை ஒழுங்காகச் செய்வது நம் பெயருக்கு நல்லது. பின்னாளில் திரும்ப நினைத்தால் பேசப்போவது அந்தப் பெயர்தான். ஒரு நிரல் ஏன் அப்படி இருக்கிறது என்ற புரிதல் எழுதியவர் தலையில் இருக்கிறது, ஆவணத்தில் முழுதாக இறங்காது என்று கணினி விஞ்ஞானி பீட்டர் நௌர் 1985-லேயே வாதிட்டார். 40 பக்க விக்கி எழுதுவதைவிட, அடுத்தவரை விசைப்பலகையில் உட்காரவைத்து ஒரு ரிலீஸையும் ஒரு ரோல்பேக்கையும் (பழைய பதிப்புக்குத் திரும்புவது) அவரையே செய்யச் சொல்லிப் பக்கத்தில் இருப்பது பயன் தரும். எழுதித்தான் ஆக வேண்டியவை வேறு: உங்கள் பெயரில் ஓடும் கிரான் ஜாப்கள் (குறித்த நேரத்தில் தானே ஓடும் வேலைகள்), உங்கள் கணக்கில் எடுத்த ஏபிஐ டோக்கன்கள் (மற்ற சேவைகளை அணுகும் சாவிகள்), உங்கள் மெயிலுக்கு மட்டும் காலாவதி எச்சரிக்கை வரும் சான்றிதழ்கள்.

எவ்வளவு யோசித்து எழுதினாலும் இந்தப் பட்டியலில் ஏதாவது விட்டுப்போகும். அதனால் கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பே உங்கள் அக்கவுன்ட்டை முடக்கச் சொல்லி அட்மினிடம் கேளுங்கள். எது உடைகிறதோ அதுதான் விட்டுப்போனது. சரிசெய்ய நீங்கள் இன்னும் அங்கேயே இருப்பீர்கள்.