அறுபதைத் தாண்டி வந்த சுகர்: வடசென்னை ஆடி மாத நாட்குறிப்பு

ஜூலை 17, 2025, வியாழன்

தெருமுனை முகாமில் விரலில் குத்திப் பார்த்து 190 வந்தால், இப்போதைக்கு அது சந்தேகம் மட்டுமே. உறுதி செய்ய லேபில் நரம்பிலிருந்து ரத்தம் எடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் 126-க்குக் குறையாமல், அல்லது 75 கிராம் குளுக்கோஸ் குடித்த 2 மணி நேரத்தில் 200-க்குக் குறையாமல், அல்லது எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் டெஸ்ட்) 6.5 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் சர்க்கரை நோய். தாகம், அடிக்கடி சிறுநீர் என்று எந்தத் தொல்லையும் இல்லாதவருக்கு ஒரு முடிவு போதாது. இரண்டு ஒத்துப்போக வேண்டும்.

வெறும் வயிறு என்றால் 8 மணி நேரம். தண்ணீர் குடிக்கலாம். விடிகாலை டீ கூடாது, சர்க்கரை போடாவிட்டாலும் அதில் பால் இருக்கிறது. வீட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்க்கும் டெஸ்ட்டுக்கு, முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து 2 மணி. கை கழுவிய நேரத்திலிருந்து எண்ணுகிறவர்கள்தான் அதிகம்.

எச்பிஏ1சி கூடவே ஹீமோகுளோபினும் பாருங்கள். இரும்புச்சத்துக் குறைவு எச்பிஏ1சி-யைக் கூட்டிக் காட்டும். ரத்தப்போக்கு, சமீபத்தில் ரத்தம் ஏற்றியது இரண்டும் குறைத்துக் காட்டும். வயதானவர்களிடம் ரத்தசோகை சாதாரணம் என்பதால் சொல்கிறேன்.

ஜூலை 18, வெள்ளி

முதல் ஆடி வெள்ளி. தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை பக்கம் அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றும் மாதம். "கேவுருதானே, சுகருக்கு நல்லதுதானே?" என்று எல்லாரும் கேட்பார்கள்.

50 கிராம் கேழ்வரகு மாவில் ஏறக்குறைய 35 கிராம் மாவுச்சத்து. 50 கிராம் பச்சை அரிசியில் 39. பெரிய வித்தியாசம் இல்லை. அதிலும் கூழில் மாவு நைசாக அரைத்தது, நொய்யும் சேர்ந்து குழைய வெந்தது, மெல்லும் வேலையே இல்லாமல் ஒரே மூச்சில் உள்ளே போவது. சுகர் ஏற இதைவிட வேறு என்ன வேண்டும்? முழு தானியமாக இருந்தபோது கேழ்வரகுக்கு இருந்த நல்ல பெயர் மெஷினில் அரைபட்டதும் பாதி போய்விடுகிறது.

குடிக்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு டம்ளர், அதுவும் காலைச் சாப்பாட்டுக்குப் பதிலாக. நாலு இட்லி தின்ற பிறகு மேல் வரவாக அல்ல. முதலில் முருங்கைக்கீரையோ மீனோ கொஞ்சம் வயிற்றுக்குள் போகட்டும், பிறகு கூழ். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ஓடு முடிந்தாயிற்று, காசிமேட்டில் நெத்திலியும் மத்தியும் கிடைக்கிற நேரம். கருவாட்டுக் குழம்புதான் வேண்டும் என்றால் கருவாட்டை வெந்நீரில் ஊறப்போட்டு இரண்டு தண்ணீர் மாற்றிக் கழுவுங்கள். குழம்பில் தனியாக உப்பு வேண்டாம். பிபி-யும் சுகரும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பதே அதிகம்.

வெல்லம், கருப்பட்டி, தேன் மூன்றும் சர்க்கரையே. இதில் விவாதம் இல்லை.

ஜூலை 21, திங்கள்

மெட்ஃபார்மின். சுகருக்குப் பெரும்பாலும் முதலில் எழுதித் தரும் மாத்திரை இதுதான். 500 மில்லிகிராம் ஒரு வேளை என்று தொடங்கி, வாரக்கணக்கில் மெல்லக் கூட்டுவார்கள். சாப்பாட்டுக்கு நடுவிலோ முடிந்த கையோடோ போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டு, வயிறு கலங்கி, 'இது எனக்கு ஒத்துக்கல' என்று தானாக நிறுத்துவதே வழக்கமான கோளாறு. மாத்திரை போடும் நேரத்தை மாற்றிப் பாருங்கள். அதற்கும் நிற்காவிட்டால், மெதுவாகக் கரையும் எஸ்ஆர் வகையை டாக்டரிடம் கேட்கலாம். அதை உடைக்கவோ நொறுக்கவோ கூடாது.

ரிப்போர்ட்டில் கிரியாட்டினின் 1.1 என்று பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். 75 வயது ஆயாவுக்கு 1.1 என்றால் இஜிஎஃப்ஆர், அதாவது கிட்னி ரத்தத்தை வடிகட்டும் வேகம், சுமார் 52 தான். 45-க்குக் கீழே மெட்ஃபார்மினைப் புதிதாகத் தொடங்குவதில்லை, 30-க்குக் கீழே கொடுக்கவே கூடாது. பல வருடம் போடுகிறவருக்கு வைட்டமின் பி12 குறையலாம். கால் மரத்துப் போவதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம்.

ஜூலை 23, புதன்

குளுக்கோமீட்டர் பற்றிக் கொஞ்சம். சோப்பு போட்டுக் கை கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். மாம்பழம் தொட்ட விரல் 300 காட்டும். விரல் நுனியின் நடுவில் வேண்டாம், பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. பிழிந்து பிழிந்து எடுத்தால் ரத்தத்தோடு நீரும் கலந்து அளவு மாறும். ஸ்ட்ரிப் டப்பா மூடி திறந்து கிடக்கக் கூடாது. கடலோரத்து ஈரக்காற்றுக்கு ஸ்ட்ரிப் சீக்கிரம் கெடும். லேபில் 200 என்றால் மீட்டர் 170 முதல் 230 வரை எது காட்டினாலும் தரத்துக்குள்தான். நேற்றைக்கு 148, இன்றைக்கு 161 என்று பதறுவதற்கு ஒன்றுமில்லை.

ஜூலை 26, சனி

இன்றைக்கு எழுதுவதை வீட்டில் இருப்பவர்கள் படிக்க வேண்டும்.

வயதானவருக்குப் புதிதாகச் சுகர் வந்தால், 180 காட்டுவதைவிட 55 காட்டுவதற்குப் பயப்படுங்கள். 70-க்குக் கீழே போனாலே லோ சுகர். சின்ன வயசுக்காரருக்குக் கை நடுங்கும், வியர்க்கும், பசி எடுக்கும். தாத்தாவுக்கு அப்படி வர வேண்டும் என்பதில்லை. பேச்சு குழறும், நடை தள்ளாடும், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் கோபப்படுவார். "இன்னா தாத்தா, காலையிலயே ஊத்திக்கினியா?" என்று தெருவில் கேலி செய்வார்கள். வீட்டில் 'வயசாயிடுச்சு' என்பார்கள். பிபி-க்கு அட்டெனலால், மெட்டோப்ரோலால் போடுகிறவருக்கு நடுக்கமும் படபடப்பும் அமுங்கிவிடும்; வியர்வை ஒன்றுதான் மிஞ்சும்.

மெட்ஃபார்மின் மட்டும் போட்டால் லோ சுகர் அபூர்வம். கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு வகைதான் இதைச் செய்யும். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க விரட்டிக்கொண்டே இருப்பவை இவை. கிளிபென்கிளமைடு நெடுநேரம் நிற்கும், கிட்னி மந்தமானவருக்கு இன்னும் நீளும். முதியவருக்கு அது ஆகாது. ஆடி வெள்ளி விரதம் என்று காலைச் சாப்பாட்டைத் தள்ளிவிட்டு மாத்திரையை மட்டும் தவறாமல் போடுவதுதான் இந்த மாதத்தின் பெரிய ஆபத்து. இந்த வகை மாத்திரைக்குச் சாப்பாடு தட்டில் இருக்க வேண்டும்.

அட்டையைத் திருப்பிச் சின்ன எழுத்தைப் படியுங்கள். பெயரின் வாலில் எம்1, ஜிபி2 என்று இருந்தால் மெட்ஃபார்மினோடு கிளிமெபிரைடும் சேர்ந்த மாத்திரையாக இருக்கலாம். 'மெட்ஃபார்மின்தான்' என்று நினைத்துக்கொண்டே இதைப் போடுகிறவர்கள் நிறைய.

லோ ஆனால்: 3 டீஸ்பூன் சர்க்கரை, அதாவது 15 கிராம், அரை டம்ளர் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்துத் திரும்பக் குத்திப் பாருங்கள். 70 தாண்டவில்லையா, இன்னொரு தடவை அதே அளவு. தாண்டியதும் இரண்டு இட்லியோ கொஞ்சம் சோறோ. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறி மூச்சுக்குழாய்க்குள் போகும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். மாத்திரையால் வந்த லோ என்றால் சரியானது போலத் தெரிந்து சில மணி நேரத்தில் மறுபடி இறங்கும், ஆகவே ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்ப்பதே நல்லது.

இதனால்தான் இலக்கும் வயதுக்குத் தக்கபடி தளரும். திடமாக நடமாடும் பெரியவருக்கு எச்பிஏ1சி 7 முதல் 7.5. பல நோய் சேர்ந்து தளர்ந்தவருக்கு 8 வரை விடலாம். எண்பது வயதுக்காரரை 6-க்குக் கொண்டுவருவது சாதனை இல்லை, கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிய வழி.

ஆகஸ்ட் 1, வெள்ளி

தீமிதிக்கும் மாதம் இது. பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்குச் சூடு தெரியாது, கொப்புளம் மறுநாள்தான் கண்ணில் படும். வேண்டுதல் இருந்தால் வேறு விதமாகச் செலுத்தச் சொல்லுங்கள். தீமிதி வரை போக வேண்டியதில்லை, மத்தியானம் கோயில் பிராகாரத்துக் கருங்கல்லே போதும்.

உணர்ச்சியைச் சோதிக்க 10 கிராம் மோனோஃபிலமென்ட் என்ற நைலான் இழை உண்டு. வளையும் அளவுக்கு அதைப் பாதத்தில் அழுத்துவார்கள். தெரியவில்லை என்றால் நரம்பு பழுதாகியிருக்கிறது. சுகர் என்று தெரிந்த உடனேயே இந்தச் சோதனை வேண்டும், ஏனென்றால் நோய் பல வருடம் சத்தமில்லாமல் இருந்திருக்கலாம்.

தினம் இரவில் அடிப்பாதத்தைப் பாருங்கள். குனிய முடியாதவருக்குத் தரையில் முகம் பார்க்கும் கண்ணாடி. எண்ணெய் தடவலாம், விரல் இடுக்கில் மட்டும் கூடாது. அங்கே ஈரம் தங்கிச் சேற்றுப்புண் வரும். கால் ஆணியை பிளேடால் சீவுவது, பிளாஸ்டர் ஒட்டுவது இரண்டும் புண்ணுக்கு வரவேற்பு. செருப்பு எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பரில், பின்வார் உள்ளதாக. வார் இல்லாத செருப்பு கழன்று விழுவதே மரத்த காலுக்குத் தெரியாது. சுட்டுக்கொண்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர், பிறகு டாக்டர். பேஸ்ட், இங்க் எதுவும் வேண்டாம்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல் தொடங்கிய நாள். வீட்டுக்கே மாத்திரை வருவது நடக்க முடியாதவருக்குப் பெரிய உதவி. ஒன்றே ஒன்றைக் கவனியுங்கள்: கம்பெனி மாறினால் மாத்திரையின் அளவும் வடிவமும் மாறும். பழைய அட்டையில் மிச்சம் இருக்கும், புதியது வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் போடுவார்கள். எல்லா அட்டையையும் ஒரே பையில் போட்டு டாக்டரிடம் காட்டுங்கள், மூட்டு வலிக்கு மெடிக்கலில் வாங்கிய பொட்டலம் உட்பட. அதில் ஸ்டீராய்டு இருந்தால் மத்தியானத்துக்கு மேல் சுகர் எகிறுவதற்கு அதுவே காரணம்.

இந்தியாவின் முதல் சர்க்கரை நோய் கிளினிக்கை 1948-ல் டாக்டர் எம். விஸ்வநாதன் தொடங்கியது நம்ம ஸ்டான்லி ஆஸ்பத்திரியில்தான். ராயபுரத்துக்காரர்கள் இதைச் சொல்லிப் பெருமைப்படலாம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கண் மங்கலாக இருக்கிறதென்று உடனே கண்ணாடி மாற்றாதீர்கள். சுகர் ஏறி இறங்கும்போது கண்ணின் லென்ஸும் உப்பி வடியும். சில வாரம் நிலைப்பட்ட பிறகு பவர் பாருங்கள். விழித்திரைச் சோதனை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பதால் சில மணி நேரம் பார்வை கூசும், துணைக்கு ஆள் வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை. சுகர் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு. குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் திடீரெனச் சுகர் வந்து எடையும் இறங்கினால் கணையத்தை ஸ்கேன் செய்வது பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

மழை பெய்தால் குடிதண்ணீரில் சாக்கடை கலந்து வாந்தி பேதி பரவுவது இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. அந்த நாட்களில் மெட்ஃபார்மினையும், டாபாக்லிஃப்ளோசின் வகையையும் (சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரை) நிறுத்திவைப்பது பற்றி டாக்டரிடம் இப்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உடம்பில் நீர் வற்றினால் இரண்டும் வேறு விதத்தில் ஆபத்து. இன்சுலின் போடுகிறவர் தானாக நிறுத்தக் கூடாது. நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை சுகர் பாருங்கள். ஓஆர்எஸ்-இல் சர்க்கரை இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். ஒரு லிட்டரில் 13.5 கிராம் குளுக்கோஸ்தான், கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம். பெரிய பாக்கெட்டை முழு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் கரையுங்கள். ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்கினால் உப்பு கூடிப்போகும்.